மூன்றாவது துளை

அத்தியாயம் 9

பத்தொன்பது வருடமாகத் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்த மரம் இழைக்கும் மெஷினை ஃபிட்டர் பிரிக்கத் தொடங்கி இது ஆறாவது வாரம்.

ஃபிட்டர் என்பது அவள் பார்க்கும் வேலை. பம்பு செய்யும் பட்டறையில் பத்து வருட அனுபவம். வீட்டில் கேலியாக ஆரம்பித்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது அப்பாவும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

மெஷினைத் தொடாதே என்று அப்பா சொல்லவில்லை. தொடு என்றும் சொல்லவில்லை. முற்றத்துக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் சித்திதான் சொன்னாள். "பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டு அள்ளிட்டுப் போகச் சொல்லு. தினமும் அந்தக் கொட்டகையைப் பார்த்துக்கிட்டே துணி காயப் போட வேண்டியிருக்கு."

அப்பாவுக்கு விற்கவும் மனம் வரவில்லை, ஏறெடுத்துப் பார்க்கவும் மனம் வரவில்லை. கடைசியில் "ஒண்ணு ஓடணும், இல்லைன்னா போகணும்" என்று தார்ப்பாயை உருவிப் போட்டவள் ஃபிட்டர்தான்.

அப்பாவின் தம்பியான சித்தப்பா இறந்தது அந்த மெஷினில். ஓடிக்கொண்டிருந்தபோது பிளேடு கழன்று பறந்து வந்து நெஞ்சில் அடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அன்று காலை புது பிளேடு மாட்டியவர் அப்பா. வந்து பார்த்த தொழிற்சாலை ஆய்வாளர் 'போல்ட்டுகள் சரியாக இறுக்கப்படவில்லை' என்று எழுதிவிட்டுப் போனார். அப்பா மறுக்கவில்லை.

அன்றிலிருந்து சித்தி அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரே வாசல், ஒரே குழாய், ஒரே துணிக்கொடி. அப்பா நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தாலும், "மோட்டார் போடலாமான்னு உங்கப்பாகிட்ட கேளு" என்று ஃபிட்டரிடம்தான் சொல்வாள். ஃபிட்டர் வீட்டில் இல்லாவிட்டால் வாளியிடம் சொல்வாள். அப்பாவும் வாளிக்கே பதில் சொல்வதுபோல் "ம்" என்பார்.

அந்தச் சனிக்கிழமை ஃபிட்டர் பட்டறைக்குப் பத்து மணிக்குப் போனால் போதும். ஏழு மணிக்கே கொட்டகைக்கு வந்துவிட்டாள்.

மேசைத் தகடுகள் இரண்டும் துரு நீங்கிச் சாம்பல் நிறத்தில் சுவரோரம் சாய்ந்திருந்தன. இறுகிப்போன ஏற்ற இறக்கத் திருகு அசைந்து கொடுக்கவே இரண்டு வாரம் ஆகியிருந்தது. பேரிங்குகளைக் கழற்றியாகிவிட்டது. இனி உருளைதான் பாக்கி.

அந்த மெஷினுக்கு உயிரே உருளைதான். முழங்கை நீளத்துக்குக் கனத்த இரும்பு. எதிரெதிராக இரண்டு பள்ளங்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு பிளேடு, அதை அழுத்திப் பிடிக்க ஒரு பட்டை, பட்டையை இறுக்க நான்கு போல்ட். ஓடும்போது நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்று சுற்றும். ஒரு பக்கத்துப் பிளேடு இன்னும் இருந்த இடத்திலேயே இருந்தது. மறுபக்கம் வெறும் பள்ளம்.

அந்த வெறும் பள்ளத்தைத் தொடாமல் அவள் நாள் கடத்திக்கொண்டே வந்திருந்தாள். இனியும் கடத்த முடியாது.

உருளையை இரண்டு கட்டைகளின் மேல் கிடத்தி, மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்தாள். மரத்தூளும் கிரீஸும் கலந்து மெழுகுபோல் உறைந்திருந்தது. போல்ட் துளைகள் நான்கும் அடைத்துக் கிடந்தன. மெல்லிய கம்பியால் ஒவ்வொன்றாகக் குடைந்தாள்.

முதல் துளையில் கம்பி அடிவரை போயிற்று. உள்ளே போல்ட் ஏறும் மரை பிய்ந்திருப்பது விரலுக்குத் தெரிந்தது. இரண்டாவதும் அப்படியே.

மூன்றாவதில் கம்பி பாதியிலேயே நின்றது.

அழுக்குதான் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டாள். குடைந்தாள். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. டார்ச்சை எடுத்து உள்ளே அடித்துப் பார்த்தாள். துளைக்குள் இரும்பு மின்னியது.

நான்காவதையும் பார்த்தாள். அது முதல் இரண்டைப் போலத்தான். அடிவரை காலி.

அங்கேயே ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். சரியாக இறுக்காத போல்ட் கழன்று முழுசாக வெளியே வரும். பாதியை உள்ளே விட்டுவிட்டுப் போகாது. மூன்றாவது போல்ட் கழலவில்லை. உடைந்திருக்கிறது.

வீட்டு முன்னறையிலிருந்து அப்பா இருமும் சத்தம் கேட்டது. சின்ன வயதில் அந்த இருமலை வைத்தே அவர் என்ன மனநிலையில் இருக்கிறார் என்று அவளால் சொல்லிவிட முடியும். இப்போது அது வெறும் இருமல்.

உருளையைச் சாக்கில் சுற்றி ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் கிடத்தினாள். அப்பாவிடம் ஒன்றும் சொல்லாமல் பட்டறைக்குக் கிளம்பினாள்.

பட்டறை ஃபோர்மனுக்கு ரெட்டைக் கண்ணாடி என்று பெயர். ஒன்று மூக்கில் இருக்கும், இன்னொன்று நெற்றியில். எதைப் போட்டுக்கொண்டு எதைப் பார்ப்பார் என்பது இருபது வருடமாக யாருக்கும் பிடிபடவில்லை.

"இது எந்தப் பம்பும்மா?"

"பம்பு இல்லை சார். வீட்டு மெஷின். நாலாயிரம் சுத்து சுத்தும்."

"வீட்டுல நாலாயிரம் சுத்துல என்னம்மா அரைக்கிறீங்க?" என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "வை இங்க."

மூன்றாவது துளையைச் சுற்றி நெருப்பைக் காட்டிச் சூடேற்றினார். இடப்பக்கம் சுற்றும் டிரில்லை உடைந்து நின்ற போல்ட் துண்டின் நடுவில் வைத்து மெதுவாக இறக்கினார். இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை துண்டு பிடி கொடுத்து, தானே சுழன்று மேலே வந்தது. விரல் நுனி அளவுதான் இருக்கும்.

துடைத்து, நெற்றிக் கண்ணாடியை இறக்கி, அதற்கு மேல் பூதக்கண்ணாடியையும் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இங்க பாரு. ஓரத்துல டிரில் படாத இடம். இந்தப் பக்கம் வழவழன்னு கறுத்துப்போயிருக்குல்ல? கோடு கோடா, வளைவு வளைவா தெரியுதா? இது பழைய விரிசல். தினம் ஒரு மயிரிழைன்னு உள்ளே போயிருக்கு. அந்த ஓரத்துல நகக்கீறல் மாதிரி சொரசொரன்னு இருக்கு பாரு. கடைசி நாள்ல உடைஞ்சது அந்த மிச்சம் மட்டும்தான். இது போனதும் மொத்த பாரமும் மத்த மூணு மேல விழுந்து, மரையோட பிய்ச்சுக்கிட்டுப் போயிருக்கும்."

"சரியா இறுக்காததால உடைஞ்சிருக்குமா சார்?"

"கேக்கிறது யாரு? ஃபிட்டரா, மகளா?"

அவருக்குக் கதை தெரியும். இந்தப் பட்டறையில் எல்லோருக்கும் தெரியும்.

"ரெண்டு பேரும்தான்."

"அப்போ ஃபிட்டருக்குச் சொல்றேன், மகள் கேட்டுக்கட்டும். அன்னிக்குக் காலையில உங்கப்பா எவ்வளவு இறுக்கினார்னு இந்தத் துண்டு சொல்லாது. ஆனா இந்த விரிசல் அன்னிக்கு வந்தது இல்லை. பல மாசமா வளர்ந்திருக்கு. அன்னிக்கு நானே வந்து இறுக்கியிருந்தாலும் இது போயிருக்கும்."

"பார்த்தா தெரிஞ்சிருக்காதா?"

"போல்ட்டை முழுசா வெளிய எடுத்து, துடைச்சு, லென்ஸ் வெச்சுப் பார்த்தா தெரிஞ்சிருக்கும். யாரு பார்ப்பா? நானும் பார்த்திருக்க மாட்டேன்." துண்டை அவள் உள்ளங்கையில் வைத்தார். "சத்தம் வேணும்னா மாறியிருக்கும். தினமும் பக்கத்துல நிக்கிறவனுக்கு மட்டும் தெரியுற மாதிரி."

மத்தியானம் இரண்டரைக்கு வீடு வந்தாள்.

அப்பா முன்னறையில் வேலையில் இருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கால் உடைந்த நாற்காலிகள் சுவர் நெடுக அடுக்கியிருந்தன. அந்த விபத்துக்குப் பிறகு அவர் கையால் செய்கிற வேலை தவிர வேறு எதுவும் செய்வதில்லை. உளி, சுத்தியல், கை இழைப்புளி. ஓடுகிற எதையும் தொடுவதில்லை. வீட்டு மிக்ஸியைக்கூட அவர் போட்டு அவள் பார்த்ததில்லை.

வேலைமேசையில் ஒரு காகிதத்தை விரித்துத் துண்டை அதன்மேல் வைத்தாள். ஃபோர்மன் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் சொல்ல முடியாது என்றதையும் சேர்த்தே சொன்னாள்.

அப்பா துண்டைத் தொடவில்லை. ஒட்டிக்கொண்டிருந்த பசையைக் கைகளிலிருந்து உரித்துக்கொண்டே கேட்டார். அவள் முடித்த பிறகும் உரித்துக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்குக் கடைசி போல்ட்டை இறுக்குறப்போ வாசல்ல யாரோ கூப்பிட்டாங்க" என்றார். "இறுக்கிட்டுப் போனேனா, போயிட்டு வந்து இறுக்கினேனா, இல்லை இறுக்கவே இல்லையா... எனக்கு ஞாபகம் வரலை. அந்த ஒரு நிமிஷத்தை எத்தனை தடவை தேடியிருப்பேன்னு உனக்குத் தெரியாது."

"எப்படி இருந்தாலும் அது உடைஞ்சிருக்கும்பா."

"ம்."

"அப்பா, நான் சொல்றது புரியுதா?"

"புரியுது." ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு அதன் காலை ஆட்டிப் பார்த்தார். "உன் சித்திகிட்ட சொல்லாதே."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. "ஏன்?"

"என்மேல கோபம்னு ஒண்ணு இருக்கறதாலதான் அவ இத்தனை வருஷம் நிமிர்ந்து நடமாடியிருக்கா. வேலைக்குப் போனா, பையனைப் படிக்கவெச்சு ஆளாக்கினா. அதைப் பிடுங்கிட்டு இந்தத் துருப்பிடிச்ச துண்டைக் குடுக்கப் போறியா?"

"உங்களுக்கு நியாயம் வேண்டாமா?"

"எனக்கு அறுபத்தஞ்சு ஆகுது" என்றார் அப்பா. அதோடு பேச்சு முடிந்தது என்பதுபோல் சுத்தியலை எடுத்துக்கொண்டார்.

சித்தி ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் மேற்பார்வை பார்க்கிறாள். சனிக்கிழமைகளில் மூன்றரைக்கு வந்துவிடுவாள். கேட்டைத் திறந்தவள் ஸ்கூட்டரில் இருந்த சாக்கையும் அதிலிருந்து எட்டிப் பார்த்த உருளையையும் பார்த்துவிட்டாள்.

"அதை எங்க எடுத்துட்டுப் போயிட்டு வர்றே?"

"பட்டறைக்கு."

"எதுக்கு?"

ஃபிட்டருக்குப் பொய் சொல்லத் தெரியும். அப்பாவின் கோபத்துக்குப் பயந்தே வளர்ந்த பிள்ளை பொய் சொல்லக் கற்றுக்கொள்ளாமல் இருக்குமா? ஆனால் சித்தியின் கண்ணைப் பார்த்து இதில் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

சொன்னாள். அப்பா சொல்ல வேண்டாம் என்றதையும் சொன்னாள்.

சித்தி கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. துணிக்கொடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுவாள் என்று ஃபிட்டர் நினைத்தாள். அழவில்லை.

"பல மாசமான விரிசல்" என்றாள் சித்தி. "அப்படித்தானே சொன்னார்?"

"ஆமா சித்தி."

"சத்தம் மாறியிருக்கும்னாரா?"

"தினமும் பக்கத்துல நிக்கிறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னார்."

சித்தி தலையை ஆட்டினாள். யாரோ வெகுநாள் முன்பு கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோல் இருந்தது அது. கைப்பையைக் கொடிக்குக் கீழே வெறும் தரையில் வைத்தாள். முற்றத்தைக் கடந்தாள். அப்பா வீட்டுப் படி ஏறினாள்.

ஃபிட்டர் பின்னாலேயே ஓடினாள்.

முன்னறை வாசலில் நின்று சித்தி கூப்பிட்டாள். "மாமா."

சுத்தியல் நின்றது. அப்பா நிமிர்ந்து பார்த்தார். பிறகு, அவள் தன்னைத்தான் கூப்பிட்டாளா என்பதுபோல் மகளைப் பார்த்தார். அவசரமாக எழுந்தார். உட்காரச் சொல்ல நல்ல கால் உள்ள நாற்காலி ஒன்றுகூட அந்த அறையில் இல்லை.

"நிக்கிறேன், பரவாயில்லை" என்றாள் சித்தி. "நின்னுக்கிட்டே சொல்லிடறேன். உட்கார்ந்தா சொல்ல முடியாது."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா. அவ ஏதோ ஒரு துண்டை எடுத்துக்கிட்டு..."

"அது உடையறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே அவருக்குத் தெரியும்."

அப்பா கையிலிருந்த சுத்தியலை மேசையில் வைத்தார்.

"மெஷின் சத்தம் சரியில்லைன்னார். பலகை போறப்போ நடுவுல ஒரு தட்டு தட்டுது, முன்னாடி அப்படி இல்லைன்னார். ராத்திரி சாப்பிடறப்போ சொன்னார். மறுநாளும் சொன்னார்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?" அப்பாவின் குரல் உயரவில்லை. "நான்தானே பிளேடு மாட்டுறவன். சொல்லியிருந்தா நாலு போல்ட்டையும் பிரிச்சுப் பார்த்திருப்பேனே. ஏன் சொல்லலை?"

"பயம்."

"யாருகிட்ட? என்கிட்டயா?"

அப்பா மகள் பக்கம் திரும்பினார். அப்படியெல்லாம் இல்லை என்று அவள் சொல்லிவிடுவாள் என்று காத்திருந்ததுபோல் இருந்தது அந்தப் பார்வை.

ஃபிட்டருக்கு அந்த நாட்களின் அப்பா நினைவுக்கு வந்தார். அளவு ஒரு நூல் தப்பினால் பலகையைத் தூக்கி முற்றத்தில் எறிகிறவர். குறை சொன்னவர்களை ஒரு வாரம் முகம் பார்க்காதவர். அவர் வேலையில் கை வைத்துப் பேச அந்த வீட்டில் யாருக்கும் துணிவு இருந்ததில்லை. அம்மா சாகும்வரை அவர் எதிரில் தாழ்ந்த குரலில்தான் பேசினாள்.

"ஆமாம்பா" என்றாள். "எல்லாருக்கும் பயம்தான்."

அப்பா வேலைமேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வயது ஒரேயடியாக ஏறிவிட்டதுபோல் இருந்தது. மத்தியானம் துண்டைக் காட்டியபோது அசையாத மனிதர் இப்போது ஆடிப்போனார்.

"முழுசாச் சொல்லி முடிச்சுடறேன்" என்றாள் சித்தி. "'பிளேடு மாட்டினது சரியில்லைங்கறியான்னு அண்ணன் சத்தம் போடுவார். நீ சொல்லேன், உன்கிட்ட கோபப்பட மாட்டார்'னார். காலையில அதைச் சொல்லத்தான் வந்தேன். இந்த வாசல்வரை வந்தேன் மாமா. நீங்க யாரோ கதவுக்கு ஆர்டர் குடுத்தவர்கிட்ட கத்திக்கிட்டிருந்தீங்க. இப்போ வேண்டாம், மத்தியானம் சொல்லிக்கலாம்னு திரும்பிப் போயிட்டேன். பதினோரு மணிக்கு..."

அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வாசல்ல என்னைக் கூப்பிட்டது அந்த ஆளா?" என்றார் அப்பா மெதுவாக, தனக்குள் பேசுவதுபோல்.

"அவர் போன அன்னைக்கே உங்க கால்ல விழுந்து சொல்லியிருக்கணும். ஆய்வாளர் வந்து உங்க பேரை எழுதினார். நீங்களும் தலையை ஆட்டினீங்க. அப்போ எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்துச்சு. அன்னிக்கு வாயை மூடினவ, இத்தனை வருஷம் உங்களோட பேசாம இருந்தேன். கோபம்னு நீங்க நினைச்சீங்க. ஊரே நினைச்சுச்சு. பேசினா சொல்லிடுவேனோன்னு பயம் மாமா, வேற ஒண்ணும் இல்லை."

இப்போதுதான் அவள் அழுதாள். சத்தமில்லாமல், முகத்தை மூடாமல்.

ஃபிட்டர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். யாரும் குடிக்கவில்லை. டம்ளரைத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

டம்ளரையே பார்த்துக்கொண்டு அப்பா பேசினார். "சரி. நீ ஒரு தடவை வாசல்வரை வந்து திரும்பினே. அவன் தினமும் பக்கத்துல நின்னும் சொல்ல முடியாம இருந்தான். அப்படி ஒரு மனுஷனா நான் இருந்திருக்கேன். போல்ட்டு என் தப்பு இல்லைன்னு இவ மத்தியானம் சொன்னா. இது என் தப்புதானேம்மா."

"நம்ம ரெண்டு பேர் தப்பும்" என்றாள் சித்தி. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இடுப்பில் செருகியிருந்த ஃபோனை எடுத்தாள்.

"யாருக்குப் பண்றே?"

"பையனுக்கு."

சித்தியின் மகன் வேறு ஊரில் வேலை பார்க்கிறான். வயது இருபத்தைந்து. படிப்பு முடிந்த நாளிலிருந்து இந்த வாசலில் கால் வைத்ததில்லை. அம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் நிலையத்துக்கு வரச் சொல்வான். 'அந்த ஆள் இருக்கற இடத்துக்கு வர மாட்டேன்' என்பான்.

அப்பா இரண்டே எட்டில் அவளிடம் வந்துவிட்டார். "வேண்டாம்மா. அவன்கிட்ட வேண்டாம்."

"நான் சொல்லிச் சொல்லி வளர்த்தது மாமா."

"அதனாலதான் சொல்றேன். என்னை வெறுத்து அவனுக்குப் பழகிப்போச்சு, எனக்கும் பழகிப்போச்சு. உன்னை வெறுக்க ஆரம்பிச்சா தாங்குவியா? அவனுக்குன்னு இருக்கறது நீ ஒருத்திதான். அப்படியே விட்டுடு."

இத்தனை வருடத்தில் அவர் அவளிடம் கெஞ்சிக் கேட்ட முதல் விஷயம் அதுதான். ஃபிட்டருக்குத் தெரியும், சித்தி அப்போது 'சரி' என்று சொல்லியிருந்தால் அந்த அறையை விட்டு அது வெளியே போயிருக்காது. மூன்று பேரும் சாகும்வரை வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். அந்த வீட்டுக்கு அதில் நல்ல பழக்கம் உண்டு.

சித்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "மத்தியானம் சொல்லிக்கலாம்னு ஒரு தடவை இருந்துட்டேன்" என்றாள். "போதும்."

பெயரைத் தேடி அழுத்தினாள். ஃபோனைக் காதில் வைக்கவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

மணி அடித்தது. ஒருமுறை, இரண்டுமுறை. அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"சொல்லும்மா" என்றது அந்தப் பக்கக் குரல். "என்ன இந்த நேரத்துல? உடம்புக்கு ஏதாவது முடியலையா?"

"நான் நல்லாத்தான் இருக்கேன்ப்பா. பெரியப்பா வீட்டுல இருந்து பேசறேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஆனால் அவன் ஃபோனை வைத்துவிடவும் இல்லை.